உண்ணி கடித்தால்: ஒரு கட்டளைப் பிரதியின் வரலாறு

உண்ணி கடித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் ஐந்தாறு வரிக்கு மேல் போகாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சிறுபத்திரிகை படிக்கிறவனுக்கும் கால் இருக்கிறது, அந்தக் கால் என்றைக்காவது காட்டுக்குள் போகும். முள்வாங்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டி, அதன் வாய்ப்பக்கமாகப் பிடிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்து அழுத்தக் கூடாது. திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், நேராக மேலே இழுக்க வேண்டும். வாயின் துணுக்கு முறிந்து உள்ளே தங்கிவிட்டால் அதைத் தோண்டிப் புண்ணாக்க வேண்டியதில்லை. பிடுங்கியதைக் கையால் நசுக்கக் கூடாது. கடித்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவணும். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளணும். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ, மண்டை பிளக்கிற தலைவலியோ, உடம்புவலியோ, தடிப்போ, கடித்த இடத்தில் கருத்த பொருக்கோ வந்தால் டாக்டரிடம் போய் 'உண்ணி கடிச்சுதுங்க' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவராகக் கேட்க மாட்டார்.

இவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வாக்கியங்களை ஒரு பிரதியாக எடுத்து இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். எல்லாமே ஏவல். எழுவாய் எப்போதும் முன்னிலை: நீ இழு, நீ கழுவு, நீ குறித்துவை. கதை 'கடித்தது' என்ற வினையோடு தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. யார் காட்டுக்குப் போனது, எதற்குப் போனது, அந்த உண்ணி ஏன் அங்கே அத்தனை இருந்தது என்கிற கேள்விகளுக்கு இந்தப் பிரதியில் இடம் இல்லை. அந்த இடமின்மைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் மலெநாட்டில், ஷிமோகா மாவட்டம் சொரபா தாலுகாவில், கியாசனூர் என்ற காட்டில்.

*

1957 ஆரம்பத்தில் அந்தக் காட்டைச் சுற்றியிருந்த ஊர்களில் குரங்குகள் செத்து விழுந்தன. முதலில் மந்தி, பிறகு நாட்டுக் குரங்கு. அதே நாட்களில் விறகுக்கும் மாடு மேய்க்கவும் காட்டுக்குப் போய்வந்த மனிதர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தலைவலி, அசைய முடியாத தசைவலி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம். அந்த ஆண்டு 466 பேர், அடுத்த ஆண்டு 181 பேர் என்று கணக்கு. ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, நோய்க்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: மங்கன காயிலெ, குரங்கு நோய். குரங்குச் சாவும் மனுசச் சாவும் ஒரே சங்கிலி என்று ஆய்வகம் நிரூபிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெயர் அதைச் சொல்லிவிட்டது.

சேதி பூனாவுக்குப் போனது. அங்கே 1952இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து வைரஸ் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கியிருந்தன. இன்று தேசிய வைராலஜி நிறுவனம் என்று அறியப்படுவது அதுதான். அவர்கள் அரக்கப்பரக்க ஓடிவந்ததற்குக் காரணம் சொரபாவின் விறகுவெட்டி அல்ல, மஞ்சள் காய்ச்சல். தென்னமெரிக்கக் காடுகளில் குரங்குகள் கூட்டமாகச் செத்தால் அது மஞ்சள் காய்ச்சலின் அடையாளம். ஆசியாவில் அதுவரை கால் வைக்காத அந்த நோய் வந்துவிட்டதோ என்ற பயம். டெல்ஃபோர்ட் வொர்க், ஹரால்ட் ட்ரபிடோ முதலானோர் செய்த வேலையில் அது மஞ்சள் காய்ச்சல் இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. ஆனால் தெரியவந்த விடை இன்னும் விசித்திரம். இந்த வைரஸ் சோவியத் தூரக்கிழக்கில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. பரப்புவது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி. நோய்க்கு அறிவியல் வைத்த பெயர்: கியாசனூர் காட்டு நோய்.

ஆக இரண்டு பெயர்கள். ஊரின் பெயரில் குரங்கு குற்றவாளி. அது உண்மையில் நம்மைவிட அதிகமாகச் செத்த பிராணி. அறிவியலின் பெயரில் காடு குற்றவாளி. தமிழிலும் நாம் குரங்குக் காய்ச்சல் என்றே எழுதுகிறோம். இரண்டு பெயரிலும் உண்ணி இல்லை. கோடரியும் இல்லை.

*

சைபீரியாவின் வைரஸ் ஷிமோகாவுக்கு எப்படி வந்தது? கேள்வி இப்படி அமைந்த உடனேயே விடையும் அமைந்துவிட்டது: வெளியிலிருந்து வந்தது. வருடாவருடம் வடக்கேயிருந்து வலசை வருகிற பறவைகள் காலிலும் கழுத்திலும் உண்ணியைச் சுமந்து வந்திருக்க வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் சாலிம் அலியின் தலைமையில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியதற்கு இந்த ஊகமும் ஒரு காரணம். முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் பணம், பிறகு 1960களில் அமெரிக்க ராணுவத்தின் பணம். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். ருஷ்யக் காட்டு வைரஸ், அமெரிக்க ராணுவம், இந்தியப் பறவை.

இதன் மறுபாதி 1974இல் வந்தது. அமெரிக்கப் பணத்தில் நடந்த கொசு ஆய்வு, பறவை ஆய்வு எல்லாம் உயிரியல் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் எழுந்த குற்றச்சாட்டு நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு வரை போயிற்று. 1975இல் குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. அந்நிய ராணுவம் நம்மூர்ப் பறவைகளின் நோய்களை எதற்கு எண்ண வேண்டும் என்ற கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டு கதையாடல்களுக்கும் இலக்கணம் ஒன்றுதான் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஒருவர் சொன்னார், நோய் ருஷ்யாவிலிருந்து பறந்து வந்தது. இன்னொருவர் சொன்னார், அமெரிக்காக்காரன் கொண்டுவந்து விட்டிருப்பான். இரண்டிலும் காடு வெறும் மேடை. விறகு பொறுக்குகிறவள் இரண்டிலும் இல்லை.

இத்தனைக்கும் 1952இலேயே, அதாவது கியாசனூருக்கு ஐந்து வருஷம் முன்னால், கட்ச்-சௌராஷ்டிரப் பகுதியில் எடுத்த ரத்த மாதிரிகளில் இதே குடும்பத்து வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. வைரஸின் குடும்பம் துணைக்கண்டத்துக்குள் ஏற்கெனவே குடியிருந்ததற்கான தடயம் அது. 1990களில் சவூதி அரேபியாவில் பிரித்தெடுத்த அல்குர்மா என்ற வைரஸ் இதற்கு மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தபின் சைபீரியப் பறவையின் கதை மேலும் நைந்துபோனது. தேடியது வெளியே. இருந்தது உள்ளே.

இங்கே ஒரு கிளைக்கதை, சொல்லாமல் போக மனசில்லை. அந்த ருஷ்ய நோயை 1937இல் கண்டறிந்தது லெவ் ஸில்பர் தலைமையில் தூரக்கிழக்குக்குப் போன குழு. அங்கே நோயில் விழுந்தவர்கள் தைகாக் காட்டில் புதிதாக இறக்கிவிடப்பட்ட சிப்பாய்களும் மரம் வெட்டுபவர்களும். ஸில்பர் ஒரே பருவத்தில் வைரஸையும் கண்டுபிடித்து, உண்ணிதான் பரப்புகிறது என்றும் காட்டிவிட்டு மாஸ்கோ திரும்பினார். அந்த வருஷமே கைது. நோயைப் பரப்பச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. யார் பரப்பியது என்ற கேள்விக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டால், காட்டுக்குள் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது யார் என்ற கேள்வியை அப்புறம் யாரும் கேட்பதில்லை.

*

பூனாக் குழுவில் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொன்னால் அது அநியாயம். ஹோர்கே போஷெல் என்ற கொலம்பியர் அங்கே இருந்தார். அவர் தன் நாட்டில் காட்டு மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்தவர். மரம் வெட்டுபவர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் காய்ச்சல் என்று விளங்காமல் காட்டில் நின்றபோது, பெரிய மரம் ஒன்று சாய்ந்து விழுந்ததும் உச்சிக் கிளைகளில் வாழ்கிற நீலக் கொசுக்கள் கூட்டமாகத் தரைக்கு வந்து வெட்டியவர்களை மொய்த்ததை அவர் பார்த்தார். குரங்குக்கும் கொசுவுக்கும் இடையில் மர உச்சியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சுற்றைக் கோடரி தரைக்கு இறக்கியது. அந்தக் கண்ணோடுதான் அவர் கியாசனூருக்கு வந்தார். 1969இல் அவர் எழுதியது, இந்த நோயைக் காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் மனிதர்கள் உண்டாக்கிய மாற்றத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னது. மக்கள்தொகை கூடி, காடு துண்டுதுண்டாகி, மாடுகள் காட்டுக்குள் மேயப் போகும்போது உண்ணிக்குத் தீனி பெருகுகிறது.

இதை நிதானமாகப் பார்க்கலாம். உண்ணியின் வாழ்க்கையில் முட்டைக்குப் பிறகு மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் ஒருமுறை ரத்தம் குடித்தாக வேண்டும். (தமிழில் அதன் பெயரே 'உண்ணி', உண்பது. இவ்வளவு நேரடியான பெயர் வேறு எந்தப் பூச்சிக்கும் கிடைக்கவில்லை. கன்னடத்திலும் இதே வேர்தான்.) ஆறு கால் கொண்ட குஞ்சும் எட்டுக் கால் கொண்ட இளம் உண்ணியும் எலி, மூஞ்சூறு, தரைப்பறவை, குரங்கு என்று சின்ன உடம்புகளைத் தேடும். வளர்ந்த உண்ணிக்குப் பெரிய உடம்பு வேண்டும். பழைய காட்டில் அது காட்டெருமையும் மானும். காடு சுருங்கியபின் மாடு. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் மாட்டு ரத்தத்தில் கொழுத்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வைரஸ் உள்ள குரங்கு சாகும்போது அதன் உடம்பிலிருந்த உண்ணிகளெல்லாம் அந்த இடத்திலேயே உதிரும். குரங்கு செத்த இடம் ஒரு கண்ணிவெடிப் புலம் மாதிரி ஆகிவிடுகிறது. மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் இளம் உண்ணி, எள்ளைவிடச் சின்னது. மனிதனிடமிருந்து நோய் யாருக்கும் போவதில்லை. வைரஸுக்கு நாம் ஒரு முட்டுச்சந்து.

இந்தச் சுற்றில் மனிதன் நுழைகிற இடம் காட்டின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. வெட்டிய இடத்தில் புதர் மண்டும். அதில் முக்கியமானது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து, நாடெங்கும் பரவிய லண்டானா. நம்மூரில் அதற்குப் பெயர் உண்ணிச்செடி. எலிகளும் பறவைகளும் உண்ணிகளும் கூடுகிற இடம் அந்தப் புதர்க்காடு. விளிம்பு, விளிம்பு என்று நம் பத்திரிகைகளில் எழுதித் தள்ளியிருக்கிறோம். சூழலியலாளர்களுக்கும் அது முக்கியமான சொல்தான். அவர்களுக்கு விளிம்பு என்பது நின்று அளக்கக்கூடிய தரை. அங்கே நிற்பவர்களுக்குக் காய்ச்சல் வருகிறது.

யார் நிற்கிறார்கள்? உண்ணியின் நாட்காட்டியையும் கூலிக்காரரின் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இளம் உண்ணி பெருகுவது மழை ஓய்ந்த பின், டிசம்பரிலிருந்து மே வரை. மலெநாட்டில் பாக்குத் தோட்டத்து உரத்துக்கும் தொழுவத்தில் விரிக்கவும் காட்டுச் சருகை அரித்துக் கட்டிச் சுமந்து வருவது அதே மாதங்களில். விறகு சேர்ப்பதும் அப்போதுதான். முந்திரி பொறுக்குவது பிப்ரவரி முதல் மே வரை. வனத்துறைக்காகத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் கோடைக்கு முன்னால். உண்ணி சருகில் காத்திருக்கிறது. சருகைக் கையால் அள்ளுபவள் கூலிக்காரி. தோட்டக்காரருக்குச் சருகு கட்டாக வருகிறது.

1982க்கும் 1984க்கும் நடுவில் தென்கன்னட மாவட்டத்தின் பெள்தங்கடி தாலுகாவில் நடந்தது இதன் அப்பட்டமான வடிவம். முந்திரித் தோட்டம் போடுவதற்காக நல்ல காட்டை மொட்டையடித்தார்கள். குரங்குகள் செத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். மார்க் நிக்டர் என்ற மானிடவியலாளர் 1987இல் அதைப் பற்றி எழுதியபோது தலைப்பிலேயே 'வளர்ச்சியின் நோய்' என்று குறிப்பிட்டார். குரங்கு, காடு இரண்டுக்கும் பிறகு வந்த மூன்றாவது பெயர். அது எந்தச் சுகாதார மையத்துச் சுவரிலும் ஏறவில்லை.

*

சரி, இந்த இடத்தில் கோட்பாட்டு நண்பர்களுக்கு உற்சாகம் வந்திருக்கும். நோய் என்பது சொல்லாடல், உடல் என்பது அதிகாரம் எழுதும் பலகை, ஆகவே சுகாதாரத் துறையின் துண்டறிக்கை கண்காணிப்பின் கருவி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். மிஷேல் ஃபூக்கோ 1963இல் மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி எழுதியதை நான் மதிப்பவன். மருத்துவப் பார்வை எப்படி உடம்பைத் துண்டு போட்டுப் பார்க்கிறது என்று கற்றுக்கொடுத்தது அது. ஆனாலும் இந்தக் காய்ச்சல் கண்ட நூறு பேரில் மூன்றிலிருந்து ஐந்து பேர் சாகிறார்கள். சொல்லாடல் அவர்களைக் கொல்லவில்லை, வைரஸ் கொல்கிறது. துண்டறிக்கையை எரித்துவிட்டால் பாட்டி வைத்தியம் காப்பாற்றும் என்ற எதிர்க்கதையாடலும் எனக்குச் சம்மதம் இல்லை.

ஏனென்றால் பாட்டி வைத்தியம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. மாட்டின் காது மடலிலும் மடியிலும் ஒட்டிய உண்ணிகளை அப்பத்தா ஒவ்வொன்றாகக் கிள்ளி, கொட்டாங்கச்சியில் ஊற்றிய மண்ணெண்ணெயில் போடுவாள். "நசுக்காதடா, கையில ரத்தம் பட்டா ஆகாது" என்பாள். இன்றைய மருத்துவம் சொல்வதும் அதையேதான். ஆனால் மனுச உடம்பில் ஒட்டினால் சுண்ணாம்பு தடவு, மண்ணெண்ணெய் விடு, பீடி நெருப்பைக் காட்டு, தானா விட்டுட்டு ஓடும் என்பதும் அவள் வாக்குதான். அது தப்பு. சூடோ எண்ணெயோ பட்ட உண்ணி எளிதில் பிடியை விடாது. தொந்தரவுபட்டு எச்சிலைக் கூடுதலாகக் கடிவாயில் கக்கிவிடும். கிருமி இருப்பதே அந்த எச்சிலில்தான். ஒரே வாயிலிருந்து வந்த ஒரு வாக்கு சரி, இன்னொரு வாக்கு தவறு. நாட்டார் அறிவு என்று மொத்தமாகக் கும்பிடுபவர்களும் மூடநம்பிக்கை என்று மொத்தமாகத் தள்ளுபவர்களும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

மேலிருந்து வருகிற அறிவும் அப்படித்தான், எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிப் பொருந்துவதில்லை. 'உண்ணி ஒட்டி ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் பயமில்லை' என்ற வாக்கியத்தை நீங்களும் கேட்டிருக்கலாம். அது கனெக்டிகட்டில் பிறந்த வாக்கியம். அங்கே ஓல்ட் லைம் என்ற ஊரில் 1975இல் தங்கள் பிள்ளைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்குவதைக் கண்ட இரண்டு தாய்மார்கள் விடாமல் தொந்தரவு செய்ததால்தான் மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாலி மர்ரே அவர்களில் ஒருவர். வில்லி பர்க்டார்ஃபர் அதற்குக் காரணமான சுருள் பாக்டீரியாவை உண்ணியில் கண்டு 1982இல் அறிவித்தார். அந்தப் பாக்டீரியா உண்ணியின் குடலில் இருக்கிறது; ரத்தம் உள்ளே போனபின் மெல்ல நகர்ந்து எச்சில் சுரப்பிக்கு வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால் அங்கே அவகாசம் உண்டு. கடித்த மூன்று நாளுக்குள் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் கொடுத்துத் தடுக்கிற வழியும் அங்கே உண்டு. கியாசனூர் வைரஸின் குடும்பம் வேறு. அது எச்சில் சுரப்பியிலேயே தயாராக இருப்பது. ஒரு நாள் என்ற அவகாசத்தை இங்கே நம்ப முடியாது. டாக்சிசைக்ளின் வைரஸை ஒன்றும் செய்யாது. (காட்டின் கதையும் அங்கே தலைகீழ். கைவிடப்பட்ட பண்ணைகளில் காடு திரும்ப வளர்ந்து, அதற்குள் புறநகர் வீடுகள் நுழைந்து, மான்கள் பெருகிய இடம் அது. மரம் வெட்டினால் நோய், நட்டால் சுகம் என்று சூத்திரம் போட முடியாது.)

இதற்காக டாக்சிசைக்ளினை ஒதுக்கிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் உண்ணி பரப்பும் புள்ளிக்காய்ச்சலும், உண்ணிக்குத் தூரத்து உறவான சிற்றுண்ணிக் குஞ்சுகள் பரப்பும் ஸ்கிரப் டைபஸும் இருக்கின்றன. இரண்டும் டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருக்கிற கருத்த பொருக்கைப் பார்க்காமல், டைஃபாய்டு என்று நினைத்து வேறு மருந்து கொடுத்து நாளைக் கடத்தினால் ஆள் போய்விடுவார். 'உண்ணி கடிச்சுதுங்க', 'காட்டுக்குப் போயிருந்தேன்' என்ற இரண்டு வாக்கியங்களுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

*

மலெநாட்டு உடம்புக்கு இதுவரை என்ன கொடுக்கப்பட்டது? முதலில் 1950களின் கடைசியில் ருஷ்ய மூளைக்காய்ச்சலுக்கென்று அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் தயாரித்த தடுப்பூசியைச் சில ஆயிரம் பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள். பயன் இல்லை. வேறு காட்டின் நோய்க்கான மருந்து. பிறகு கியாசனூர் வைரஸையே கோழிக்கருவில் வளர்த்து, ஃபார்மலினில் செயலிழக்க வைத்த ஊசி வந்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு, ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் மூன்றாவது, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. போட்ட இடம் கடுமையாக வலிக்கும். கையை நம்பிக் கூலிக்குப் போகிறவர்கள் முதல் ஊசியோடு நின்றுபோனார்கள். இதை 'மக்களின் ஒத்துழையாமை' என்று அறிக்கைகள் எழுதின. 2005 முதல் 2010 வரையிலான தரவைப் பார்த்த ஆய்வு, இரண்டு ஊசி போட்டவர்களுக்கு 62.4 விழுக்காடும் மூன்றாவதும் போட்டவர்களுக்கு 82.9 விழுக்காடும் பாதுகாப்பு என்றது. பிறகு அதன் வலு போதவில்லை என்று 2022இல் ஊசியே நிறுத்தப்பட்டது. புதியது ஒன்றைக் கொண்டுவரும் வேலையில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இறங்கியிருக்கிறது. வைரஸுக்கு எதிரான தனி மருந்து கிடையாது.

ஊசி போனாலும் எண்ணெய் இருக்கிறது. காட்டுக்குப் போகுமுன் கைகாலில் தடவிக்கொள்ள டிஎம்பி எண்ணெய், பிறகு ராணுவ ஆய்வகம் கண்டுபிடித்த டெபா எண்ணெய். சருகுக் கட்டைத் தலையில் வைத்து மலையேறி இறங்குபவளுக்கு வேர்வையில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? துண்டறிக்கை முழுக்கை சட்டை, காலுறை, பூட்ஸ் என்கிறது. மார்ச் மாத வெயிலில் முந்திரி பொறுக்குபவர் பூட்ஸுக்கு எங்கே போவார்? குரங்கு செத்த காட்டுக்குள் போகாதே என்கிறது. போகாத நாளின் கூலியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடவுங்கள், வேர்த்தபின் மறுபடி தடவுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் குளித்து, துணியைக் கொதிநீரில் போட்டு, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எள்ளளவு உண்ணியைத் தன் முதுகில் தானே யாரும் பார்க்க முடியாது. ஏவல் வாக்கியங்கள் எல்லாமே ஒருமையில் இருப்பதன் அபத்தம் இங்கே தெரியும். இந்த வேலைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

நீண்ட காலம் ஷிமோகாவைச் சுற்றிய சில மாவட்டங்களுக்குள் இருந்த நோய் 2012 கடைசியில் பந்திப்பூரில் தெரிந்தது. செத்த குரங்குகளைத் தகுந்த கவசம் இல்லாமல் கையாண்டு எரித்த வனத்துறைக் கீழ்நிலைப் பணியாளர்களுக்குக் காய்ச்சல் வந்தது. எரி என்ற கட்டளை வந்திருந்தது, கவசம் வரவில்லை. 2012–13இல் நீலகிரியில் இறந்த குரங்கிடம் வைரஸ் இருப்பது உறுதியானது. 2013க்குப் பின் வயநாட்டிலும் வந்து, 2015இல் அங்கே ஆதிவாசிகள் பலர் விழுந்தார்கள். 2015இல் கோவாவின் சத்தரி தாலுகாவில், 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கில். இரண்டுமே முந்திரிப் பகுதிகள். 2019இல் திரும்பவும் ஷிமோகாவுக்குள், ஷராவதி நீர்த்தேக்கத்துப் பக்கம் அரலகோட்டில் பலர் செத்தார்கள். பந்திப்பூரும் முதுமலையும் வயநாடும் ஒரே காடு. மூன்று மாநில எல்லை உண்ணிக்கும் குரங்குக்கும் தெரியாது.

எனவே முதலில் சொன்ன ஐந்தாறு வரியோடு நீலகிரிப் பக்கத்தவர்களுக்குச் சேர்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கடித்து மூன்றிலிருந்து எட்டு நாளுக்குள் திடுமெனக் கடும் காய்ச்சல் அடித்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலிமாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டலாம், பாரசிட்டமால் போதும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைவலியோடும் குழப்பத்தோடும் இரண்டாவது தடவை வருவதும் உண்டு, விட்டுவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்ப நாட்களின் ரத்தத்தில் வைரஸை பி.சி.ஆர். சோதனையில் காணலாம்; நாளானால் எதிர்ப்பொருள் சோதனை. டாக்டர் அதற்கு எழுதிக்கொடுக்க வேண்டுமென்றால் அவரிடம் மூன்று விஷயம் போய்ச் சேர வேண்டும்: எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில், என்ன வேலையாகப் போனீர்கள், உண்ணி கடித்ததா, அந்தப் பக்கம் குரங்கு ஏதாவது செத்துக் கிடந்ததா. குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள், ஊரில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். 1957இல் சொரபாக்காரர்கள் செய்தது அதுதான். பூனாவிலிருந்து ஜீப் கிளம்பியது அதற்குப் பிறகு.